கிட்ல கலர் வந்தா கேஸ் முடிஞ்சுதா? – கேள்வி பதில்

இந்த வாட்டி தமிழ்நாடு-ஆந்திரா பார்டர் பக்கத்துல இருந்துதான் நிறைய கேள்வி.

கே: மார்க்விஸ் கிட்ல (ஸ்பாட்லயே போதைப்பொருள சோதிக்கிற கலர் டெஸ்ட்) ஊதா வந்துச்சு சார், ஹெராயின்னு எழுதிடலாமா? (ட்ரெய்னி எஸ்.ஐ., ஊத்துக்கோட்டை)

ப: எழுதாதீங்க. மார்ஃபின், கோடீனுக்கும் அதே ஊதாதான். கிட்ல கலர் வந்தா சந்தேகம், அவ்ளோதான். உறுதி பண்றது லேப்ல ஜிசி-எம்எஸ், கலவையப் பிரிச்சு ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டற மெஷின்.

கே: 300 கிராம் பவுடர்ல பாதிக்கு மேல பாராசிட்டமாலும் கஃபீனும்னு ரிப்போர்ட். ஹெராயின் எடை கம்மிதானே? (ஜூனியர் வக்கீல், சித்தூர்)

ப: சுத்தமான போதைப்பொருள் எடை மட்டும்தான் கணக்குன்னு சொன்ன 2008 தீர்ப்புலயே நீங்க இன்னும் நிக்கிறீங்க. 2020ல ஹீரா சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அத மாத்திடுச்சு, கலப்படத்தோட மொத்த எடைதான் கணக்கு. ஹெராயின் 250 கிராம் தாண்டினா கமர்ஷியல் அளவு, அதாவது தண்டனை கடுமை, ஜாமீன் கஷ்டம். ஜாமீனுக்கு வேற பாயிண்ட் தேடுங்க.

கே: பஸ்ல பிடிச்ச கஞ்சா அன்னிக்கு 22 கிலோ, கோர்ட்ல எடை போட்டா 17. நாங்க எடுத்து வித்துட்ட மாதிரி வக்கீல் கேக்கறார். (ஏட்டு, ஆரம்பாக்கம்)

ப: கேக்கத்தான் செய்வார். எத்தனை வருஷமா கத்துறேன்! ஏஜென்சி சைடுல (ஆந்திரா மலைப் பகுதி) இருந்து வர்ற சரக்கு பாதி சரியா காயாம வருது, பச்சைச் செடின்னா முக்கால்வாசி தண்ணி, அத அப்படியே பிளாஸ்டிக் கவர்ல கட்டி ஸ்டேஷன் மூலைல போட்டுட்டு மாசக்கணக்குல மறந்துட்டா எடையும் குறையும் பூஞ்சையும் பிடிக்கும், போதை தர்ற டிஎச்சி சிதைஞ்சு போதை கம்மியான சிபிஎன்னா மாறிடும், அப்புறம் ரிப்போர்ட் வீக்னு லேப்காரங்க எங்க மேல பழி. 20 கிலோக்கு மேல போனாதான் கமர்ஷியல், அப்ப இந்த 5 கிலோவுல கேஸோட கனமே மாறுதுல்ல? இன்னொண்ணு, சட்டப்படி பூவும் காயும் உள்ள நுனிதான் கஞ்சா. நுனியோட சேராத இலை, விதை கணக்குல வராது. நீங்க தண்டு, வேரு, மண்ணு எல்லாத்தையும் தராசுல ஏத்தறீங்க. ஹீரா சிங் இருக்கேன்னு சொல்லாதீங்க, அது பவுடர்ல கலப்படம் பத்தின பேச்சு. ஈரம்னா மகஜர்லயே ஈரம்னு எழுதுங்க, போட்டோ எடுங்க, போதைப்பொருள் சட்டம் (என்டிபிஎஸ்) 52ஏ பிரிவு படி மாஜிஸ்திரேட் முன்னாடி சாம்பிள சீக்கிரம் எடுங்க. கஞ்சாவுக்கு 24 கிராம், ரெண்டு செட்.

கே: ஒரு நாள் கள்ளு குடிக்கலனா மாமாவுக்கு கை நடுங்குது. சாக்கரின் போட்டதாலயா? (நகரி)

ப: சாக்கரினுக்கு நடுக்கம் வராது. டயஜிபாம், அல்பிரசோலம், குளோரல் ஹைட்ரேட்னு மயக்கம் தர்ற மருந்துங்க இருக்கு, இதுல ஏதோ ஒண்ணு கலந்திருக்கலாம். கள்ளு வாசனைய வச்சு கண்டுபிடிக்க முடியாது. மாமாவ திடீர்னு நிறுத்தச் சொல்லாதீங்க, வலிப்பே வரும், முதல்ல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

கே: (போட்டோ மட்டும்) இது என்ன சார்?

ப: வெள்ளைப் பவுடர். போட்டோ பார்த்துச் சொல்ல நான் ஜோசியக்காரன் இல்ல. தொடாதீங்க, மோந்து பாக்காதீங்க, நாக்குல வைக்கிறதெல்லாம் சினிமால மட்டும். 112க்கு போன் போடுங்க. போட்டோவ அழிச்சிடாதீங்க, எங்க கிடந்துச்சுனாவது அதுல தெரியும்.