வெளியில் படம் எடுக்க இயற்கை வெளிச்சம் அவ்வளவு முக்கியமா?

கைப்பேசியில் எடுக்கும் வெளிப்புறப் படங்கள் உயிரில்லாமல் இருப்பதாகவும், நல்ல கேமரா வாங்கினால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று முதலில் பார்த்துப் பழகுங்கள். எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது மாமல்லபுரம்.

அர்ச்சுனன் தபசு என்று நாம் சொல்லும் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பம் ஏறத்தாழ 90 அடி நீளம். கிழக்கு பார்த்த பாறை. முதல் முறை நான் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் மூன்று மணி. இரவல் வாங்கிய அருமையான லென்ஸ் கையில் இருந்தது. ஒற்றைக் காலில் நின்று, கைகளைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்பவரின் விலா எலும்புகளை எடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் விலா எலும்பையே காணவில்லை. சூரியன் பாறைக்குப் பின்னால் போய்விட்டதால், வானத்தின் பரவலான வெளிச்சம் மட்டுமே சிற்பத்தின் மேல் இருந்திருக்கிறது. படம் முழுக்க நீலம் பாய்ந்த சாம்பல் நிறம். நிறத்தைக் கணினியில் திருத்த முடிந்தது. விழாத நிழலை எங்கிருந்து கொண்டுவருவது? ஃப்ளாஷ் போட்டிருந்தாலும் பயனில்லை. லென்ஸ் இருக்கும் பக்கத்திலிருந்தே ஒளி போனால் மேடும் பள்ளமும் ஒன்றாகிவிடும்.

அடுத்து ஒரு மார்கழியில் போனேன், வெறும் கைப்பேசியோடு. விடிந்ததும் விழும் இளவெயில் நிறத்தில் அழகுதான். ஆனால் அது பாறைக்கு ஏறக்குறைய நேர் எதிரே வருவதால் நிழல் அதிகம் விழுவதில்லை. பத்து மணிவாக்கில்தான் அந்த அற்புதம் நடந்தது. வெயில் மேலே ஏறி, கல்லை உரசிக்கொண்டு சரிவாக இறங்கியது. ஒவ்வொரு விலா எலும்பின் கீழும் மெல்லிய கறுப்புக் கோடு. ஒட்டிய வயிறு உள்வாங்கித் தெரிந்தது. அந்த மனிதர் மூச்சை அடக்கி நிற்பதாகவே எனக்குத் தோன்றியது. சிற்பி உளியால் செதுக்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன் என்று சொல்வேன்.

ஆகவே "காலையிலும் மாலையிலும் எடு" என்ற பொது அறிவுரையை அப்படியே நம்பாதீர்கள். சுவர் எந்தத் திசை பார்க்கிறது என்பதைப் பொறுத்து நேரம் மாறும். மனிதர்களை எடுக்க வேறு கணக்கு. உச்சி வெயிலில் கண்குழிகள் கறுத்துவிடும். அப்போது பாட்டியைத் திண்ணை நிழலில் தெருவைப் பார்த்து உட்காரவையுங்கள். வெயில் பட்ட தரையிலிருந்து திரும்பும் ஒளி முகத்தில் மென்மையாக விழும்.

மாதமும் முக்கியம். மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் எழுகிறது. சிற்பத்தின் எதிரே நிற்கும் நமக்கு அது இடப்பக்கம். வலப்பாதியில் உள்ள பெரிய யானைகள் இடப்பக்கம் பார்த்து நிற்பதால் வெயில் அவற்றின் முகத்தில் விழும். ஜூன் மாதத்தில் சூரியன் வடகிழக்கே நகர்ந்துவிட, அதே முகங்கள் நிழலுக்குப் போய்விடும். யானைகளுக்காகவே போவதென்றால் நான் மார்கழி வரை காத்திருப்பேன்.