பாட்டாவைப் பற்றி என்ன எழுத?

கேள்வி: எங்கள் பாட்டா, அதாவது தாத்தா, போன ஆடியில் இறந்துபோனார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். முதலாம் ஆண்டு நினைவுக்கு ஒரு சின்னப் புத்தகம் போடுவதென்று வீட்டில் முடிவு. ‘நீதான் படித்தவள், நீ எழுது’ என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். அவருக்குப் பதவி, பட்டம் எதுவும் கிடையாது. பிறந்த தேதிகூட யாருக்கும் தெரியவில்லை. ‘அன்பானவர், உழைப்பாளி’ என்று இரண்டு வரி எழுதியதோடு பேனா நிற்கிறது. என்ன செய்ய?
– வாசகி, குலசேகரம்

பதில்: முதலில் அந்த இரண்டு வரியையும் அடித்துவிடுங்கள். எங்கள் பாட்டா 1978இல் இறந்தபோது பதினாறாம் நாளுக்கு அச்சடித்த கார்டில் ‘அன்பின் சிகரம்’ என்று போட்டார்கள். எனக்குத் தெரிந்து அவர் எந்தச் சிகரத்திலும் ஏறியதில்லை. பனையில்தான் ஏறினார். அதைப் பற்றி அந்தக் கார்டில் ஒரு சொல் இல்லை.

கருங்கல் பக்கம் எங்கள் ஊர். பனைக்காலம் வந்துவிட்டால் விடியுமுன்னே அருவாள் தீட்டும் சத்தம் கேட்கும். வெள்ளைக்கல்லைப் பொடித்துப் பலகையில் தூவி, அதில்தான் தீட்டுவார். பாளையின் நுனியைத் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் தடித்துப்போனால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும், மெலிந்துபோனால் அக்கானி, அதாவது பதநீர், சொட்டாது. முப்பது பனை, காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. கட்டிப்பிடித்து ஏறி ஏறி அவர் நெஞ்சில் கறுப்பாய்க் காய்ப்பு ஏறியிருந்தது. சின்னப் பிள்ளையில் அதில் கன்னம் வைத்துப் படுத்தால் குத்தும். அவர் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவும்போது நான் பக்கத்தில் போனால், ‘லேய், கைய வைக்காத, சுண்ணாம்பாக்கும்’ என்பார். சுண்ணாம்பு இல்லையென்றால் உச்சியிலேயே புளித்துக் கள்ளாகிவிடும். அவர் என்னிடம் பேசியதில் பாதி இந்த மாதிரிப் பேச்சுதான். பாசமாக ஒரு வார்த்தை சொன்னதாக நினைவில்லை.

உங்கள் பாட்டாவுக்கும் இப்படி எழுதுங்கள். பால் வெட்ட எத்தனை மணிக்கு எழுந்தார்? இருட்டில் என்ன விளக்கு கொண்டுபோனார்? மழையில் வெட்டு நின்றால் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது? அப்புறம், பாட்டியை விட்டுவிடாதீர்கள். எங்கள் பாட்டா இறக்கியதெல்லாம் வெறும் அக்கானிதான். அதைக் காய்ச்சித் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்கியது பாட்டி. பொங்கி வழியப் போகும் நேரம் பார்த்து ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவாள், பால் அடங்குவது போல அடங்கும். காசு அவள் அடுப்பிலிருந்துதான் வந்தது. கார்டில் அவள் பெயர் ‘மனைவி’ என்ற இடத்தில் மட்டும் இருந்தது.

பிறந்த தேதிக்கு வருவோம். வயதைக் கேட்டால் பெரியவர்கள் முழிப்பார்கள். பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நம் ஊர்கள் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த காலத்துப் பத்திரங்களில் கொல்ல ஆண்டு, அதாவது மலையாள வருடம், போட்டிருக்கும், எழுதிக்கொடுப்பவரின் வயதும் பெரும்பாலும் இருக்கும். எங்கள் வீட்டில் கிடைத்தது மலையாளத்தில் இருந்தது. களியக்காவிளையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியாரிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொன்னேன். கொல்ல ஆண்டு 1106, மேட மாதம், பாட்டாவுக்கு வயது 26. கணக்கு லேசுதான். கொல்ல ஆண்டு ஆவணியில் பிறக்கும். ஆகஸ்ட் பாதியிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824 கூட்டுங்கள், அதற்குப் பிறகு என்றால் 825. மேடம் என்பது நம் சித்திரை. ஆக 1931. அதில் 26 போனால் 1905. சுமாராகத்தான், ஆனால் ஒன்றுமே இல்லாததற்கு இது மேல். பள்ளிச் சான்றிதழ் கிடைத்தால் ரொம்ப நம்பிவிட வேண்டாம். அதில் பல தேதிகள் சேர்க்கிற அன்றைக்கு வாத்தியார் போட்டவை.

பத்திரமும் இல்லையா? சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். 1942இல் பர்மா ஜப்பான் கையில் போய், அங்கிருந்து வந்த அரிசி நின்று, ஊரே மரச்சீனிக் கிழங்கில் (மரவள்ளி) பிழைத்ததே, அப்போது அவர் எவ்வளவு பெரிய பிள்ளை? தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடியவர்கள்மேல் போலீஸ் சுட்ட 1954 ஆகஸ்ட் 11 அன்று எங்கே இருந்தார்? 1956 நவம்பர் 1இல் நம் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது கல்யாணம் ஆகிவிட்டதா? 1954இல் அன்றைக்கு எங்கள் பாட்டா புதுக்கடையில் இருந்தார். கருப்பட்டி விற்கப் போனவர், துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். மாவட்டத்தின் வரலாற்றில் இடம்பிடித்த நாள் அது. ஆனால் அவர் சாகும்வரை பேசியது அந்தப் பெட்டியைப் பற்றித்தான். ‘புதுப் பெட்டியாக்கும்’ என்பார். நீங்கள் எழுதினால் இந்த மாதிரிப் பெட்டியை விட்டுவிடாதீர்கள் மக்களே.

கேள்வி: பாட்டாவும் அவர் தம்பியும் வரப்புத் தகராறில் இருபது வருடம் பேசவில்லை. நினைவு மலரில் இதை எழுதலாமா? அவருக்கு இருக்கிற ஒரே போட்டோவும் சரியில்லை.
– பெயர் வேண்டாம், தக்கலை

பதில்: எழுதலாம். ஆனால் அச்சுக்குப் போகுமுன் தம்பி வீட்டில் ஒருதடவை வாசித்துக் காட்டுங்கள். அவர்கள் பக்கக் கதை வேறாக இருக்கும், அதையும் சேர்க்க வேண்டிவரும். சண்டை எத்தனை அடி மண்ணுக்கு என்பதையும் போடுங்கள்.

போட்டோ விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. எங்கள் பாட்டா சட்டை போட்டு நான் பார்த்ததே கிடையாது. இருக்கிற ஒரே படம் அத்தை கல்யாணத்தில் யாரிடமோ சட்டை இரவல் வாங்கி எடுத்தது. கழுத்துப் பொத்தான்வரை மாட்டிவிட்டிருக்கிறார்கள், மூச்சு முட்டுவது போல நிற்கிறார். இந்தப் படத்துக்குப் பதிலாக அவர் பனையில் சாத்தி ஏறிய மிருக்குத்தடியைப் படம் எடுத்துப் போடலாம் என்று தேடினேன். அத்தை வீட்டில் இருக்கிறது, துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக்கொடுத்து. கேட்டால் தரமாட்டாள். ஈரத்துணி இல்லாத நேரம் வந்து படம் எடுத்துக்கொள் என்றிருக்கிறாள்.