கேள்வி பதில்: சிலைக்குக் காசு கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். எங்கள் நூலகத்துக்கு எதிரே, அடிமைத்தனத்திலிருந்து தப்பி மற்றவர்களையும் மீட்டு வந்த ஹாரியட் டப்மனுக்கு நினைவுச்சின்னம் வைக்க ஊர்க்காரர்கள் குழு சேர்த்து நன்கொடை கேட்கிறார்கள். எனக்குக் கொடுக்க ஆசை. என் கணவர், "நாம் வந்தே பத்து வருஷம்தான் ஆகிறது, இது அவர்கள் சமாச்சாரம்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: கொடுங்கள். ஆனால் காசோலையை நீட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

முதலில் உங்கள் வீட்டுக்காரருக்கு. நானும் இதே மாநிலத்தில் இருபது வருஷமாக இருக்கிறேன். அடிமை முறை என்றால் அது தெற்கே, பருத்திக் காட்டில் நடந்த கதை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வடக்கு மாநிலங்களில் அதைக் கடைசியாக விட்டது நியூ ஜெர்சிதான். 1804-ல் சட்டம் போட்டார்கள், அதுவும் 'படிப்படியாக' விடுவிக்கும் சட்டம். 1860 கணக்கெடுப்பில்கூட இங்கே 18 பேர் 'ஆயுள்காலத் தொழில் பழகுநர்கள்' என்ற பெயரில் அடிமைகளாக இருந்தார்கள். பெயர் வைப்பதில் கெட்டிக்காரர்கள்! டப்மனும் இந்த மண்ணுக்கு அந்நியர் இல்லை. 1850-களின் தொடக்கத்தில் கேப் மே கடற்கரையில் சமையல் வேலை செய்து, அந்தக் கூலியைச் சேர்த்துத்தான் அடிமை முறை இருந்த மேரிலாந்துக்குத் திரும்பிப் போய் ஆட்களை மீட்டு வந்தார். நாம் கோடையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற அதே கேப் மே.

இனி உங்களுக்கு. ஒரு சனிக்கிழமை பேத்தியோடு நம் மாநிலத்து நூவர்க் நகருக்குப் போய் டப்மன் சதுக்கத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். கொலம்பஸ் சிலை இருந்த இடம் அது. 2020-ல் அதை எடுத்தார்கள், 2023 மார்ச்சில் நீனா குக் ஜான் வடிவமைத்த சின்னத்தைத் திறந்தார்கள். (பேத்தி இல்லையென்றால் தனியாகவே போங்கள். நான் என் பேத்தியோடு போனேன், அதனால் எழுதிவிட்டேன்.) அங்கே ஒரு வளைந்த சுவர். அதில் பதித்திருக்கிற ஓடுகளை ஊர் மக்களே பட்டறைகளில் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். என் பேத்தி டப்மனைக் கண்டுகொள்ளவே இல்லை. ஒவ்வொரு ஓடாக விரலால் தடவி, "இது யார் செஞ்சது, இது யார் செஞ்சது" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். உங்கள் குழுவிடம் இப்படி ஒரு வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். பணம் கொடுத்தவரின் பெயரைப் பலகையில் யாரும் படிப்பதில்லை.

அப்புறம், இதுதான் முக்கியம்: கல்லில் என்ன எழுதப் போகிறார்கள் என்று செதுக்குவதற்கு முன்பே கேட்டு வாங்கிப் படியுங்கள். டப்மன் 1913-ல் இறந்தார். அவர் வாழ்ந்த நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் ஊர் மக்கள் அடுத்த ஆண்டே நீதிமன்றத்தில் வெண்கலப் பலகை வைத்தார்கள். விழாவுக்குக் கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் வந்து பேசினார். அருமையான காரியம். ஆனால் அந்தப் பலகை, அவர் முந்நூறு பேருக்கு மேல் மீட்டதாகச் சொல்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் கணக்குப்படி சுமார் 13 பயணங்கள், 70 பேர். அந்த முந்நூறு, சாரா பிராட்ஃபோர்டு 1869-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இருந்தது. டப்மனின் வறுமைக்கு உதவப் பணம் திரட்ட எழுதிய புத்தகம் அது, நல்ல மனதோடு கொஞ்சம் கூட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே 13 தடவை திரும்பிப் போன பெண்ணுக்கு எதற்குங்க மிகைப்படுத்தல்? வெண்கலத்தில் வார்த்துவிட்டால் அழிப்பான் கிடையாது. உங்கள் குழு சொல்லும் வாசகத்தில் 300 இருந்தால், தயங்காமல் கை தூக்குங்கள். "வந்து பத்து வருஷம்தான் ஆகிறது" என்று யாராவது சொன்னால், உங்கள் வீட்டுக்காரருக்குச் சொன்ன பதிலையே சொல்லுங்கள்.

கேள்வி: டப்மன் படம் 20 டாலர் நோட்டில் வரும் என்றார்களே, என்ன ஆயிற்று? - மாணவர் ஒருவர்

பதில்: 2016-ல் அறிவித்தார்கள். என் பர்ஸில் இன்னும் பழைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன்தான் இருக்கிறார். அந்த 20-க்கு ஒரு பழைய கணக்கு உண்டு தம்பி. 1899 முதல் டப்மனுக்கு அரசு கொடுத்த மாத ஓய்வூதியமும் 20 டாலர்தான். அதில் 8 டாலர், போர்வீரர் ஒருவரின் விதவை என்பதற்காக. மீதி 12, உள்நாட்டுப் போரில் செவிலியாக இருந்ததற்காக. 1863 ஜூனில் தென் கரோலினாவின் கம்பாஹி ஆற்றில் வடக்குப் படையின் படகுகளுக்கு வழிகாட்டி, ஒரே இரவில் 700 பேருக்கு மேல் விடுதலை பெற உதவிய உளவு வேலைக்கு அந்த ஓய்வூதியத்தில் ஒரு காசும் இல்லை.