போர் தண்ணீரா, கேனா, ஆர்.ஓ.வா? வாங்குவதற்கு முன் சோதியுங்கள்

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வாடகை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். நான், கணவர், மாமியார், ஐந்து வயது மகன், எட்டு மாதக் கைக்குழந்தை. குளிக்க, துவைக்கப் போர் தண்ணீர். மாநகராட்சித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும், சில சமயம் கலங்கலாக இருக்கும். குடிக்கக் கேன் வாங்குகிறோம். போன வாரம் ஆர்.ஓ. விற்பவர் வந்து போர் தண்ணீரில் டி.டி.எஸ். 1,100 என்று காட்டினார். அப்புறம் ஒரு கருவியைத் தண்ணீரில் வைத்தார். இரண்டே நிமிடத்தில் டம்ளர் முழுக்கப் பழுப்புக் கசடு. பார்த்ததும் பயந்துவிட்டேன். மெஷின் வாங்கிவிடலாமா? மாமியாரோ, எந்தத் தண்ணீரானாலும் காய்ச்சினால் போதும், செம்புக் குடத்தில் ஊற்றி வை என்கிறார்."

இப்போதைக்கு மெஷின் வாங்க வேண்டாம். உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை அந்த விற்பனையாளரும் சோதிக்கவில்லை, நீங்களும் சோதிக்கவில்லை. அது தெரியாமல் வாங்கும் எந்த மெஷினும் குத்துமதிப்புதான். உங்கள் மாமியார் சொல்வதில் பாதி மிகச் சரி. மறுபாதி, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

முதலில் அந்தப் பழுப்புக் கசடு. இந்த வித்தையால் எத்தனையோ குடும்பங்கள் பயந்து கடன் வாங்கி மெஷின் மாட்டியிருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தக் கருவியில் ஒரு ஜோடி இரும்புக் கம்பியும் ஒரு ஜோடி அலுமினியக் கம்பியும் இருந்திருக்கும். உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் நன்றாகப் பாயும். பாயும்போது இரும்புக் கம்பி கரைந்து துருவாக மாறி மிதக்கும். நீங்கள் பார்த்த கசடு அந்தக் கம்பியிலிருந்து வந்தது, உங்கள் தண்ணீரிலிருந்து வந்ததல்ல. பக்கத்து டம்ளரில் இருந்த ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் அது தெளிவாக நின்றது. அடுத்த முறை யாராவது இதைச் செய்துகாட்ட வந்தால், அவருடைய 'சுத்தமான' டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கருவியை வைக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

டி.டி.எஸ். மீட்டர் காட்டிய 1,100 பொய்யில்லை. ஆனால் அந்த எண் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீரில் மொத்தமாக எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பது. எந்த உப்பு என்று அது சொல்லாது. கிருமி இருக்கிறதா என்றும் சொல்லாது. சாக்கடை லேசாகக் கலந்த ஏரித் தண்ணீர் 200 காட்டலாம். கிருமி இல்லாத, கொஞ்சம் உவர்ப்பான கிணற்றுத் தண்ணீர் 900 காட்டலாம். குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோவது அந்த 200தான். நம் நாட்டின் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. மலம் கலந்திருப்பதைக் காட்டும் ஈ.கோலை கிருமி விஷயத்தில் இப்படி இரண்டு எல்லைகள் கிடையாது. 100 மில்லியில் ஒன்றுகூடத் தென்படக் கூடாது. எதற்கு முதலிடம் என்பது இதிலேயே தெரிகிறது.

உங்கள் போர் தண்ணீரில் என்னை யோசிக்க வைப்பது உப்பல்ல, நைட்ரேட். பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு செப்டிக் டேங்க், ஒரு போர். இரண்டுக்கும் நடுவில் 50 அடியாவது வேண்டும் என்பது பொதுக்கணக்கு. 30க்கு 40 அடி மனையில் மூலைக்கு மூலை அளந்தாலே 50 அடிதான் வரும். உங்கள் வீட்டில் தள்ளித் தோண்டியிருந்தாலும் பக்கத்து வீட்டு டேங்க் உங்கள் போரை ஒட்டி இருக்கலாம். அதிலிருந்து மண்ணில் இறங்கும் கழிவு நிலத்தடி நீரில் நைட்ரேட்டாகச் சேர்கிறது. நிறமில்லை, மணமில்லை, ருசியிலும் தெரியாது. லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை, இதற்குத் தளர்வே கிடையாது. அளவு மீறினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து உதடும் நகமும் நீலம் பாயலாம். ஆறு மாதத்துக்குள் இருக்கும், புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்குத்தான் இந்த ஆபத்து மிக அதிகம். உங்கள் குழந்தை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது, ஆனாலும் அதற்குக் கஞ்சி காய்ச்சவும் பால் கலக்கவும் போர் தண்ணீரைத் தொட வேண்டாம்.

மாமியார் சொன்னதில் நான் மாறுபடுவது இங்கேதான். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. போகாதது மட்டுமல்ல, கூடும். 60 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தண்ணீரைக் கால்பங்கு வற்றும்வரை கொதிக்கவிட்டால் மிச்சமிருப்பதில் 80 இருக்கும். குழந்தைக்குத்தானே என்று கூடுதல் நேரம் கொதிக்கவிடும் தாய்மார்கள் அறியாமலேயே அதை அடர்த்தியாக்குகிறார்கள். ஃபுளோரைடும் இதே கதைதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லில் கறை, எலும்பு வளைவு என்று தலைமுறைகளாக மக்கள் பட்ட பாட்டுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அங்கே தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தவர்களும் தப்பவில்லை.

மாநகராட்சித் தண்ணீருக்கு வந்தால் மாமியார் சொன்னது அப்படியே சரி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் குழாயில், தண்ணீர் நின்றதும் உள்ளே அழுத்தம் இறங்கிவிடும். வழியில் எங்காவது குழாயில் கீறல் இருந்து, அதன் பக்கத்தில் சாக்கடைத் தண்ணீர் தேங்கியிருந்தால் அது உள்ளே இழுக்கப்படும். அதனால்தான் தண்ணீர் திறந்ததும் முதலில் வருவது கலங்கலாக இருக்கிறது. அந்த முதல் ஐந்து பத்து நிமிடத் தண்ணீரை வாசல் தெளிக்க எடுத்துக்கொள்ளுங்கள், தெளிந்த பிறகு குடிக்கப் பிடியுங்கள். மெல்லிய பருத்தித் துணியை நான்காக மடித்து வடிகட்டி, குமிழ் விட்டுத் தளதளவென்று கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரங்களில்தான் மூன்று நிமிடம் வேண்டும், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். பத்து இருபது நிமிடம் கொதிக்கவிடுவது கேஸுக்குத்தான் கேடு. காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி வைத்து ஆறவிடுங்கள். சாக்கடை வாடை அடித்தால் மட்டும் காய்ச்சிக்கூடக் குடிக்க வேண்டாம். மாநகராட்சிக்குப் புகார் கொடுத்து, சரியாகும்வரை கேன் வாங்குங்கள்.

குளோரின் வாடை வருகிறதே என்று பலர் முகம் சுளிப்பார்கள். அந்த வாடை நல்ல அறிகுறி. குழாய்முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். சுகாதார ஆய்வாளர்கள் சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். மஞ்சள் வராத தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். வாடை பிடிக்காவிட்டால் அகன்ற பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்தால் போய்விடும்.

சரி, சோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன, பொதுமக்களும் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். கிருமிச் சோதனையைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் செய்கிறார்கள். உப்பு, கடினத்தன்மை, நைட்ரேட், ஃபுளோரைடு, இரும்பு ஆகியவற்றுக்குச் சுத்தமான கேனில் இரண்டு லிட்டர் பிடித்துக் கொடுத்தால் போதும். கிருமிக்கு ஆய்வகத்தார் தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். அதன் அடியில் கொஞ்சம் தூள் இருந்தால் அழுக்கென்று கழுவிவிடாதீர்கள், அது குளோரினை முறிக்கப் போட்டது. குழாய் வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு மூன்று நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உட்பக்கம் விரல் படாமல், மேலே கொஞ்சம் இடம் விட்டுப் பிடியுங்கள். ஐஸ் வைத்த பையில் போட்டு ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

எங்கிருந்து பிடிப்பது என்பது அதைவிட முக்கியம். போர் தண்ணீரில் ஒன்று. மாநகராட்சித் தண்ணீரைத் தெருக்குழாயிலிருந்து நேராக ஒன்று, சமையலறைக் குழாயில் ஒன்று. தெருவில் சுத்தமாக இருந்து சமையலறையில் கிருமி வந்தால் கோளாறு உங்கள் சம்ப்பிலோ மேல்தொட்டியிலோ இருக்கிறது. அப்போது வேண்டியது தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போடுவது. வீட்டு உரிமையாளரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள், அறிக்கை கையில் இருந்தால் பேச்சு சுலபம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்ப்புக்குள் தெருத்தண்ணீர் இறங்கினால் அறிக்கைக்காகக் காத்திராமல் உடனே கழுவ வேண்டும்.

அறிக்கை வந்ததும் முடிவு தானாகவே கிடைத்துவிடும். மாநகராட்சித் தண்ணீரில் உப்பு 500க்குள், நைட்ரேட்டும் ஃபுளோரைடும் எல்லைக்குள் என்றால் உங்களுக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. குடிக்கவும் சமைக்கவும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு இருபது லிட்டர் போதும், அதைப் பிடித்து வைப்பது பெரிய காரியமில்லை. குடிக்கும் பங்கை மட்டும் காய்ச்சுங்கள். காய்ச்ச நேரமில்லை என்றால் கிருமியை வடிகட்டும் யூ.எஃப். சவ்வும், புற ஊதா ஒளியால் கிருமியைக் கொல்லும் யூ.வி. விளக்கும் உள்ள சாதாரண மெஷின் போதும். யூ.வி. விளக்கு கலங்கல் தண்ணீரில் வேலை செய்யாது, அதனால் முன்னால் வடிகட்டி அவசியம். வாடகை வீட்டில் சுவரில் துளை போட உரிமையாளர் விடாவிட்டால், கரண்ட் இல்லாமலே ஓடும் யூ.எஃப். வடிகட்டி ஒன்றை மேடையில் வைத்துக்கொள்ளலாம்.

மாநகராட்சித் தண்ணீர் மாதக்கணக்கில் வராமல் போரையே குடிக்க வேண்டிய நிலை வந்து, அதில் உப்போ நைட்ரேட்டோ மிகுதி என்றால் அப்போது ஆர்.ஓ. வாங்குங்கள், தவறில்லை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே தள்ளும். தண்ணீரில் உப்பு 500க்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வுக்குத் தடை வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் உத்தரவிட்டதில் இந்த விரயத்துக்கும் பங்குண்டு. கழிவுநீரைத் தரை துடைக்க, கழிப்பறைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், செடிக்கு வேண்டாம், உப்பு அதிகம். வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். பல மெஷின்களில் ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். நைட்ரேட் உள்ள போர் என்றால் அந்தத் திருகை முழுக்க மூடச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீக்க வேண்டியதையே திரும்பக் கலக்கிறோம்.

கேனைத் தொடர்வதென்றால் மூடியின் சீல், பேக் செய்த தேதி, உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் மூன்றையும் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்ற விதியை 2024 அக்டோபரில் நீக்கிவிட்டார்கள், ஆனால் உரிம எண் இல்லாமல் விற்கக் கூடாது. உள்ளே பச்சை படிந்த, கீறல் விழுந்து மங்கிய கேனைத் திருப்பி அனுப்புங்கள். கடை வாசலில் வெயிலில் அடுக்கி வைத்திருப்பவரிடம் வாங்காதீர்கள். கேனைக் கவிழ்த்து வைக்கும் டிஸ்பென்சரை வாரம் ஒருமுறை கழுவுங்கள்.

செம்புக் குடத்தை மாமியாருக்காக வைத்துக்கொள்ளலாம். செம்பில் இரவு முழுக்க இருந்த தண்ணீரில் கிருமி குறைவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது, ஆனால் காய்ச்சுவதற்குப் பதிலாக அதை நம்பக் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றுங்கள். அதில் மோரோ எலுமிச்சைச் சாறோ வேண்டாம், புளிப்பில் செம்பு கரையும். மகன் டம்ளரை விட்டு மொள்ளும் குடமாக மட்டும் அது இருக்கக் கூடாது, காய்ச்சியதெல்லாம் அந்த ஒரு விரல் பட்டதில் வீணாகிவிடும். அடியில் குழாய் வைத்த பாத்திரம் ஒன்று வாங்கி, அவன் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்துவிடுங்கள்.