செகண்ட் ஹேண்ட் பிளக்-இன் ஹைபிரிட் எடுக்கலாமா? முதல்ல உங்க பார்க்கிங்ல பிளக் எங்கன்னு பாருங்க

கேள்வி: அண்ணா, பெங்களூர் அல்சூர்ல வாடகை அபார்ட்மென்ட், ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி. மாசம் ரெண்டு தடவை சேலம் போய் அம்மாவைப் பாத்துட்டு வருவேன். 2018 வால்வோ எக்ஸ்சி90 பிளக்-இன் ஹைபிரிட் ஒண்ணு நல்ல விலைக்கு வருது. சிட்டில கரண்ட், ஹைவேல பெட்ரோல்னு டீலர் ஆசை காட்டுறார். எடுக்கலாமா?

தம்பி, டீலர் சொன்னது பொய்யில்ல, ஆனா நைட்டு வண்டியை எங்க சொருகுவீங்கன்னு அவர் கேட்டாரா? உங்க கதையே அதுலதான் இருக்கு. அந்த வண்டில பேட்டரி பத்து யூனிட் பக்கம்தான், ஏசி போட்டு சில்க் போர்டு நெரிசல்ல ஊர்ந்தா 25, 30 கிலோமீட்டர் வந்தா பெருசு, அதனால காலைல ஆபீஸ் போறது கரண்ட்ல, திரும்பி வர்றது பெட்ரோல்லன்னு ஆகிடும், ஆபீஸ்ல சார்ஜ் போட இடம் இருந்தா தப்பிச்சீங்க.

வீட்ல 15 ஆம்ப் சாக்கெட் போதும், நாலஞ்சு மணி நேரத்துல ஃபுல் ஆகிடும். ஆனா வாடகை வீடு, ஓனர் ஒத்துக்கணும், அசோசியேஷன் ஒத்துக்கணும், உங்க மீட்டர்லேர்ந்து பேஸ்மென்ட் வரைக்கும் தனி வயர் இழுக்கணும். தெரிஞ்சவர் ஒருத்தர் இந்த அலைச்சல் வேண்டாம்னு சாதா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல மாட்டி விட்டிருந்தார், பிளக்கைத் தொட்டுப் பாத்தேன், தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. அந்த வேலை மட்டும் வேணாம்.

சார்ஜ் போடலன்னா என்ன, பெட்ரோல்ல ஓடிடுமேன்னு தோணும். ஓடும், ஆனா ரெண்டேகால் டன் வண்டியை, காலி பேட்டரியையும் சேத்து இன்ஜின்தான் இழுக்கணும். சேலம் 200 கிலோமீட்டர், ஓசூர் தாண்டறதுக்குள்ள பேட்டரி காலி, மிச்ச தூரம் பூரா இதே பாடுதான். வழில ஃபாஸ்ட் சார்ஜர் இருந்தாலும் இந்த வண்டில குத்த முடியாது, வீட்டு பிளக் மாதிரி மெதுவா ஏறுற சார்ஜிங் மட்டும்தான். ஐரோப்பாவுல நிஜ ரோட்ல ஓடின வண்டிங்க கணக்கை எடுத்துப் பாத்தப்போ, பிளக்-இன் ஹைபிரிட் வெளியிடுற கார்பன் கம்பெனி சொன்னதைவிட சுமார் மூணரை மடங்குன்னு ஐரோப்பிய ஆணையம் 2024ல சொல்லிச்சு. முக்கியமான காரணம், ஜனங்க எதிர்பார்த்த அளவுக்கு சார்ஜ் போடறதில்ல.

செலவும் ரெட்டை. இன்ஜின் ஆயில், ஸ்பார்க் பிளக் எல்லாம் வழக்கம்போல, அதுக்கு மேல மோட்டார், இன்வெர்ட்டர், பெரிய பேட்டரி. இங்க எலக்ட்ரிக் காருக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி, இந்த மாதிரி பெரிய ஹைபிரிட்டுக்கு 40, அதனாலயே ரோட்ல ரொம்ப கம்மி, கலாசிபாளையம் போய் பார்ட்ஸ் தேடற வண்டியும் இல்ல. பேட்டரி வாரன்டி பொதுவா 8 வருஷம், அப்போ 2018 வண்டிக்கு 2026ல முடிஞ்சிடும், பேப்பர்ல தேதியைப் பாருங்க.

சொந்த வீடு, கீழயே பிளக், ஆபீஸ் பத்து கிலோமீட்டர்னா நானே எடுங்கன்னு சொல்லியிருப்பேன். உங்களுக்கு இன்னோவா ஹைகிராஸ் மாதிரி தானே சார்ஜ் பண்ணிக்கிற ஹைபிரிட் போதும். இல்ல, இதுதான் வேணும்னு மனசு அடம் பிடிச்சா, டீலர்கிட்ட நைட்டே ஃபுல் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லிட்டு மறுநாள் காலைல பியூர் மோட்ல, அதாவது கரண்ட்ல மட்டும் ஓடற மோட்ல ஓட்டுங்க, எத்தனையாவது கிலோமீட்டர்ல இன்ஜின் முழிக்குதுன்னு குறிச்சுக்கிட்டு அப்புறம் விலை பேசுங்க.