பதிப்பாளரிடம் கொடுத்த உரிமை எப்போது எழுத்தாளரிடம் திரும்புகிறது?

கேள்வி: 2014-இல் என் முதல் நாவலை ஒரு பதிப்பகம் வெளியிட்டது. அப்போது நான் கையெழுத்திட்டுக் கொடுத்தது ஒரு பக்கக் கடிதம் மட்டுமே. ‘இந்நாவலின் அனைத்து உரிமைகளையும் பதிப்பகத்துக்கு வழங்குகிறேன், விற்கும் பிரதிகளின் விலையில் பத்து விழுக்காடு ராயல்டி பெற்றுக்கொள்வேன்’ என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. முதல் இரண்டு ஆண்டுகள் பணம் வந்தது. அதன் பிறகு பணமும் இல்லை, கணக்கும் இல்லை. 2021 முதல் என்னைக் கேட்காமலேயே நாவலை மின்னூலாகவும் ஒலிநூலாகவும் விற்கிறார்கள். இப்போது வேறொரு பதிப்பகம் மறுபதிப்புக்கு முன்வந்திருக்கிறது. பழைய பதிப்பாளரோ, ‘அனைத்து உரிமைகளும் எங்களுடையவை, ஐ.எஸ்.பி.என். எண்ணும் எங்கள் பெயரில்தான் இருக்கிறது’ என்கிறார். நான் என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், அந்த நாவலின் உரிமை 2019-லேயே உங்களிடம் திரும்பிவிட்டது என்பதே என் கருத்து. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆவது பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், வழங்குபவரின் கையெழுத்து இருக்க வேண்டும் என்பதோடு நிற்கவில்லை. எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலத்துக்கு, எந்த நிலப்பரப்புக்கு, என்ன ராயல்டிக்கு என்பவற்றையும் ஆவணம் சொல்ல வேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே பிரிவில் விடை இருக்கிறது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் ஆவணத் தேதியிலிருந்து ஐந்து ஆண்டுகள். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியா மட்டும். ஆகவே உங்கள் கடிதத்தில் உள்ள தேதிதான் முதலில் பார்க்க வேண்டியது. புத்தகம் வெளியான தேதி அல்ல.

அடுத்து, கடிதத்தை ஒரு முறை சொல் சொல்லாகப் படியுங்கள். ‘நிரந்தரமாக’ என்றோ ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்றோ ஒரு சொல் எங்காவது இருந்தால், காலம் குறிப்பிடப்பட்டிருப்பதாகவே நீதிமன்றம் கொள்ளக்கூடும். அப்போது ஐந்தாண்டு விதி உங்களுக்குக் கைகொடுக்காது. இலக்கியப் படைப்பின் பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் நீடிப்பது என்பதால், அந்த ஒரு சொல்லின் விலை மிகப் பெரியது. நீங்கள் தந்திருக்கும் வாசகத்தில் அப்படி எதுவும் இல்லை. ‘அனைத்து உரிமைகளும்’ என்பது உரிமைகளின் பரப்பைச் சொல்கிறதே தவிர அவற்றின் காலத்தைச் சொல்லவில்லை. பதிப்பாளர் இதற்கு மாறாக வாதிடுவார். அந்த வாதத்துக்கு இப்போதே ஆயத்தமாக இருங்கள். ‘இது உரிமை மாற்றமே அல்ல, வெறும் உரிமம்தான், அதாவது பயன்படுத்த அனுமதி மட்டும்தான்’ என்று அவர் கூறினாலும் பெரிதாக மாறப்போவதில்லை. ஏனெனில் 30ஏ பிரிவின்படி இந்த விதிகள், தேவையான மாற்றங்களுடன், உரிமத்துக்கும் பொருந்துகின்றன. எழுத்தாளர்களுக்கு இவ்வளவு பெரிய பாதுகாப்பாக இருக்கும் இந்த விதிகள் 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தவை. அத்திருத்தம் 1995 மே மாதம் நடைமுறைக்கு வருவதற்கு முன் எழுதப்பட்ட ஒப்பந்தங்களுக்கு இவை பொருந்தா என்பதை மூத்த எழுத்தாளர்களும் அவர்களுடைய வாரிசுகளும் கவனத்தில் கொள்ள வேண்டும்.

மின்னூல், ஒலிநூல் விஷயத்தில் உங்கள் நிலை இன்னும் வலுவானது. 19(4) பிரிவின்படி, உரிமையைப் பெற்றவர் உரிமை மாற்றத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஆவணத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலொழிய, அந்த அளவுக்கு உரிமை மாற்றம் காலாவதியாகிவிடும். அச்சு உரிமையை அவர் உடனே பயன்படுத்தினார். மின்னூலையும் ஒலிநூலையும் ஏழு ஆண்டுகள் தொடவில்லை. 2014 கடிதத்தால் அவருக்கு அவ்வுரிமைகள் கிடைத்தன என்றே வைத்துக்கொண்டாலும், அவை 2015-இல் ஒரு முறையும் 2019-இல் மறு முறையும் அவர் கையை விட்டுப் போய்விட்டன. இதே விதி மொழிபெயர்ப்பு உரிமைக்கும் பொருந்தும். சிலர் 18-ஆவது பிரிவின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தை மேற்கோள் காட்டும்படி உங்களுக்குச் சொல்லக்கூடும். ஒப்பந்தம் எழுதப்பட்டபோது வணிகப் பயன்பாட்டில் இல்லாத ஊடகம், பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருந்தாலன்றி, அந்த ஒப்பந்தத்துக்குள் அடங்காது என்கிறது அது. ஆனால் 2014-இல் மின்னூல் வணிகம் நடந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் வழக்கை அதன்மேல் கட்ட வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை கசப்பான ஒரு செய்தியும் உண்டு. ஒப்பந்தப்படி வர வேண்டிய ராயல்டியைக் கேட்க மூன்று ஆண்டுகளே காலவரம்பு என்பதால், 2019-க்கு முந்தைய பாக்கியின் பெரும்பகுதி கடந்துபோயிருக்கும். அந்த வரம்பு முடிவதற்குள் ‘பாக்கி இருக்கிறது’ என்று பதிப்பாளர் எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் அந்த ஒப்புதலிலிருந்து காலம் புதிதாகத் தொடங்கும். ஆகவே பழைய மின்னஞ்சல்களைத் தேடிப் பாருங்கள். 2019-க்குப் பிந்தையது ராயல்டி பாக்கி அல்ல, உரிமை மீறல். ஒவ்வொரு விற்பனையும் தனி மீறல். எனவே கடந்த மூன்றாண்டு விற்பனைக்கு இழப்பீடும் இலாபக் கணக்கும் 55-ஆவது பிரிவின்கீழ் நீங்கள் கோர முடியும்.

ஐ.எஸ்.பி.என். என்பது ஒரு பதிப்பை அடையாளம் காட்டும் எண். அது யாருக்கும் பதிப்புரிமை தருவதில்லை. புதிய பதிப்பகம் தன் பதிப்புக்குத் தன் எண்ணைப் பெற்றுக்கொள்ளும், அவ்வளவே. பதிப்புரிமையைப் பதிவு செய்யாததாலும் நீங்கள் எதையும் இழக்கவில்லை. பதிவு நல்ல சான்று, ஆனால் கட்டாயம் அல்ல.

முதலில் வழக்கறிஞர் வழியாக ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். கடிதத்தின் தேதி, உரிமை முடிந்த நாள், மின்னூலையும் ஒலிநூலையும் விற்பனையிலிருந்து நீக்கக் கெடு, 2014 முதலான முழு விற்பனைக் கணக்கு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். 2019-க்குப் பிறகு நடந்த எதற்கும் உங்கள் இசைவு இல்லை என்பதையும் ஐயமின்றி எழுதச் சொல்லுங்கள். இத்தனை ஆண்டுகளில் ராயல்டி கேட்டு நீங்கள் அனுப்பிய செய்திகளையே இசைவுக்குச் சான்றாகக் காட்ட முனைவது பதிப்பாளர் தரப்பில் எளிதாக நடக்கக்கூடியது.

பதில் வராவிட்டால், 62-ஆவது பிரிவின்படி நீங்கள் வசிக்கும் பகுதியின் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். உரிமைகோரல் வணிக நீதிமன்ற வரம்புக்குள் வந்தால், அவசரத் தடையாணை கேட்காத நிலையில், வழக்குக்கு முன் சமரச முயற்சி கட்டாயம். 63-ஆவது பிரிவின்கீழ் உரிமை மீறலுக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்றாலும், கடிதத்துக்குப் பொருள் காண்பதில்தான் தகராறு என்னும்போது காவல் நிலையத்துக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிய பதிப்பகத்திடம் இவை அனைத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ‘உரிமை முழுவதும் என்னுடையது, சிக்கல் எழுந்தால் இழப்பை நான் ஈடுசெய்வேன்’ என்ற உறுதிமொழியை அவர்கள் ஒப்பந்தத்தில் கேட்பார்கள். பழையவருக்கு அறிவிப்பு போய்ச் சேர்வதற்கு முன் அதில் கையெழுத்திட வேண்டாம். இம்முறை அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தனித்தனியே எழுதி, காலத்தையும் கணக்குத் தர வேண்டிய மாதத்தையும் கணக்கேடுகளைப் பார்வையிடும் உரிமையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய அட்டை ஓவியத்தை மட்டும் மறுபதிப்பில் பயன்படுத்த வேண்டாம். அது ஓவியரோ பதிப்பாளரோ உரிமை கொண்டாடக்கூடிய தனிப் படைப்பு. உரிமைக் காலத்துக்குள் அச்சிட்டு விற்காமல் தேங்கிய பிரதிகள் பழைய பதிப்பாளரிடம் இருந்தால், அவற்றை அடக்க விலைக்கு நீங்களே வாங்கிக்கொள்வதாக அறிவிப்பிலேயே கூறிவிடலாம். அந்தப் பிரதிகளுக்காகத் தனியே வழக்காடுவதைவிட இது செலவு குறைந்த வழி.