பழைய எம்.ஜி.பி காரின் என்ஜின் வேலையை சேலத்தில் வீட்டிலேயே பார்க்க முடியுமா?

தாராளமாகப் பார்க்கலாம். ஏற்காடு ஏறும்போது இழுவை இல்லாமல் திணறுகிறது, என்ஜினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அதே பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரைத்தான் அஸ்தம்பட்டியில் வீட்டு போர்ட்டிகோவில் வைத்துப் பார்த்து வருகிறேன்.

எம்.ஜி.பி-யின் 1798 சிசி என்ஜினும் அந்தக் கால அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் என்ஜினும் பி சீரிஸ் என்ற ஒரே குடும்பம். எல்லாப் பாகமும் மாற்றிப் போட முடியாது, ஆனால் அமைப்பு ஒன்றுதான். அம்பாசடரில் கை பழகிய பெரியவர் யாராவது பக்கத்தில் இருந்தால் அவரை விடாதீர்கள்.

ஹெட்டில் கை வைக்கும் முன் டேப்பட் இடைவெளி (வால்வு இடைவெளி), தீப்பொறிக்கான பாயின்ட், தீப்பொறி டைமிங் மூன்றையும் பாருங்கள். அப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று கேஜ் வைத்துப் பார்ப்பது. என்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைவாகக் காட்டினால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் போர் (உட்சுவர்) தேய்மானம். ஏறவே இல்லையென்றால் பெரும்பாலும் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் நடுவில் ஹெட்டுக்கு அடியிலிருக்கும் கேஸ்கட் போயிருக்கும். இந்த அரை மணி நேர வேலையைச் செய்யாமல் ஹெட்டைத் தூக்குவது எனக்குச் சம்மதமே இல்லை.

கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், முதலில் ரேடியேட்டர் தண்ணீரை இறக்கிவிடுங்கள். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டைப் பிடிக்கும் நட்டுகளில் சில ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை மட்டும் லூஸ் செய்தால் ஹெட் கோணிக்கொள்ளும், தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். ஹெட் நட்டு அத்தனையையும் கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றிச் சுற்றி வந்து தளர்த்துங்கள். ராக்கரைத் தள்ளும் புஷ் ராடை உருவும்போது லேசாகத் திருகி எடுங்கள். இல்லையென்றால் எண்ணெய்ப் பிசுக்கில் அடியிலிருக்கும் டேப்பட்டும் கூடவே ஒட்டி வரும். ஓர் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசை மாறாமல் குத்தி வையுங்கள். வந்த இடத்துக்கே திரும்பப் போகவேண்டும்.

வால்வு லேப்பிங் (வால்வை அதன் சீட்டில் தேய்த்துப் பொருத்துவது) வரை வீட்டிலேயே செய்யலாம். ஹெட் ஃபேசிங் (அடிப்பரப்பைச் சமப்படுத்துவது), போரிங் (சிலிண்டரைக் கடைவது), கிராங்க் கிரைண்டிங் (கிராங்க் ஷாஃப்டைச் சாணை பிடிப்பது) எல்லாம் லேத் பட்டறை வேலை. அங்கே போகும்போதே எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடினமான சீட் போடச் சொல்லுங்கள். இந்த ஹெட் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது, அந்த ஈயம்தான் சீட்டைத் தேயாமல் காத்தது. நம் நாட்டில் 2000-த்திலேயே அந்தப் பெட்ரோல் நின்றுவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸைத் தின்றுவிடும், அதையும் மாற்றிவிடுங்கள்.

பூட்டி முடித்ததும் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஓட்டிப் பாருங்கள். ஆனால் மேலே போய் கார்பரேட்டரைத் தொடவேண்டாம். சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து பெட்ரோல்-காற்றுக் கலவை தானாகவே ரிச்சாகத்தான் (பெட்ரோல் அதிகமாக) இருக்கும். அங்கே பெட்ரோலைக் குறைத்து வைத்தால் சேலம் இறங்கியதும் லீனாகி (பெட்ரோல் போதாமல்) என்ஜின் சூடேறும்.